திரிஸ்தான் தீவினர் ஊர் திரும்பிய வரலாறு

உலகப் படத்தில் தென் அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்குவோமாயின், மைத்துளி தெறித்தாற்போன்ற சில புள்ளிகளைக் காணலாம். அவையே திரிஸ்தான் டா குன்யா தீவுக்கூட்டம். மனிதர் நிலையாக வாழும் தீவுகளுள் இதனினும் ஒதுங்கியது பிறிதொன்றில்லை என்பர். அயல் எனத்தக்க சென் ஹெலினாத் தீவு ஏறக்குறைய 1,500 மைலுக்கு அப்பாலுள்ளது; கேப் ரவுன் நகரமோ 1,700 மைலுக்கு மேல். கூட்டத்துட் பெரிய தீவில் மட்டுமே ஊருண்டு. அதன் பரப்பு 38 சதுர மைல். ஆயினும், நடுவே 6,700 அடிக்கு மேலுயர்ந்த எரிமலை நிற்பதால், குடியிருக்கத்தக்க நிலம் கரையோரத்தில் ஒடுங்கிய ஒரு துண்டேயாம்.

1816 இல் ஆங்கிலேயர் இங்கு ஒரு காவற்படையை நிறுத்தினர். நெப்போலியன் சென் ஹெலினாவிற் சிறையிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே படை மீண்டது. வில்லியம் கிளாஸ் என்னும் கோப்ரல் மட்டும் மனைவி மக்களோடும் தோழர் இருவரோடும் தங்கிவிட்டார். தம்முள் எவரும் மற்றவரினும் மேலானவரல்லர், உடைமை யாவர்க்கும் சமமே என அவர்கள் எழுதிக் கைச்சாத்திட்டனர். பின்னர், உடைந்த கப்பல்களின் மாலுமிகள் சிலரும், 1827 இற் சென் ஹெலினாவிலிருந்து வந்த பெண்களும் சேர, ஊர் வளர்ந்தது. நெடுங்காலம் ஏழே குடும்பப் பெயர்கள் அங்கு வழங்கின. ஊருக்கு 'ஏழு கடல்களின் எடின்பரோ' என ஆடம்பரமான பெயருண்டு. ஊரவரோ வெறுமனே 'குடியிருப்பு' என்பர். நமக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

கல்வேலியடைத்த சிறு தோட்டங்களில் உருளைக்கிழங்கு பயிரிட்டும், ஆடுமாடு வளர்த்தும், கித்தான் போர்த்த படகுகளிற் கடலோடியும் அவர்கள் வாழ்ந்தனர். கடற்பறவைகளின் முட்டையும் கொழுப்பும் நாடி அயற்றீவாகிய நைற்றிங்கேலுக்குச் செல்வதுமுண்டு. பிற்காலத்திற் சிங்கி இறாலைப் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றும் எழுந்தது.

1961 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதந் தொட்டு நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒக்ரோபரில், ஊரின் அருகிலேயே பூமி பிளந்து தீக்குழம்பு கிளம்பிற்று. 264 தீவினரும் படகேறி, நைற்றிங்கேலையடைந்து, அங்கிருந்து கேப் ரவுன் வழியாக இங்கிலாந்து சேர்ந்தனர். சவுதாம்ரனுக்கு அண்மையிலுள்ள கல்ஷொற் என்னுமிடத்தில் அவர்களுக்கு வீடுகள் கிடைத்தன, ஆடவர்க்குக் கூலிவேலை கிடைத்தது, மின்விளக்குங் கிடைத்தது. அதனோடு, அவர்தம் உடல் பழகாத சளிநோய்களும் வந்தன. முதியோர் சிலர் அந்நிலத்திலேயே மாண்டனர்.

இனி இவர்கள் திரும்பார் என்றே அதிகாரிகள் பலர் கருதினர். ஆனால், 1962 இல் ஊரைப் பார்க்கச் சென்றோர், இறங்குதுறையும் தொழிற்சாலையும் குழம்பில் மூடுண்டபோதிலும் வீடுகள் பெரும்பாலும் தப்பின என்ற செய்தியோடு வந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. திரும்பவேண்டுமென்றோர் 148 பேர், வேண்டாமென்றோர் ஐவர்.

இம்முடிவு அக்காலத்திற் பலருக்கு வியப்பளித்தது. மின்விளக்கை விட்டு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு எவர் போவார் என்பது அவர்தங் கேள்வி. இம்மலரைக் கடல்கடந்த நகரங்களிலிருந்து வாசிக்கும் நம் பழைய மாணவர்க்கு இதனை நாம் விளக்கவேண்டுவதில்லை. கூலிக்கு உழைப்பதைவிட, எவர்க்கும் பணியாது தன் படகைத் தானே தள்ளும் வாழ்வை அவர்கள் பெரிதென மதித்தனர் என்பதே நம் துணிபு. எனினும், திரும்பியோர் அனைவரும் அங்கே நிலைக்கவில்லை. 1966 இற் சிலர் மறுபடியும் இங்கிலாந்து சென்றனர், அவருள்ளுஞ் சிலர் மீண்டும் வந்தனர். மனித மனத்துக்குக் கணக்குப் போடுவது எளிதன்று.

1963 இல் ஊர் மறுபடி புகைந்தது. இம்முறை அடுப்புப் புகை. இன்று அங்கு வாழ்வோர் 250 பேருக்குங் குறைவு. விமானத்தளம் இல்லை, கேப் ரவுனிலிருந்து கப்பலேறினால் ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். வெளியார் நிலம் வாங்க இயலாது. ஊரின் ஓரத்தில் 1961 இன் கருங்குழம்பு மேடு அப்படியே நிற்கிறது. மூடுண்ட இறங்குதுறைக்கு ஈடாக 1967 இற் சிறு துறைமுகம் ஒன்று கட்டினர். தாம் இருக்கவிரும்பாது நீங்கிய அந்த அயலூரின் பெயரையே அதற்கு இட்டனர்: கல்ஷொற்.