உயிலில் இருந்த சிறுமி

1850ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் டேவிட் பாட்டர்சன் என்ற முதிய பண்ணை முதலாளி உயில் எழுதினார். ராட்டை, அரிவாள், மேஜை விரிப்பு, மாடுகள் என்று எதையும் விடாமல் வாரிசுகளுக்குப் பங்கிட்ட அந்தத் தாளில் மெல்வினியா என்ற கறுப்பினச் சிறுமியும் இருந்தாள். அவளுக்கு வயது ஆறு. பின்னர் சொத்துக்கு மதிப்புப் போட்டபோது, அவள் பெயருக்கு எதிரே 475 டாலர் என்று எழுதினார்கள்.

அந்தச் சிறுமி, மிஷெல் ஒபாமாவின் எள்ளுத்தாத்தாவைப் பெற்றவள். வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக்கும், நியூயார்க் டைம்ஸ் நிருபர் ரேச்சல் ஸ்வார்ன்ஸும் 2009இல் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். மிஷெல் அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தார்.

அக்கால அமெரிக்கப் பெண் யாராக இருந்தாலும் அவளைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம்தான். 1840 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். கல்யாணமானால் பெண்ணின் குடும்பப் பெயரும் போய்விடும். அடிமைப் பெண்ணுக்கு அந்த அளவு தடயமும் கிடையாது. 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம். விடுதலையான மக்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது 1870இல்தான். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால், அவளை உடைமையாக வைத்திருந்தவனின் வம்சத்தைத்தான் தேட வேண்டும். அவனுடைய உயில், கடன், நிலம், மகளுக்குக் கொடுத்த பங்கு ஆகியவற்றுக்குள்தான் அவள் இருப்பாள். பாட்டியைத் தேடிப் போகிற பேத்திக்கு இதைவிடக் கசப்பான வழி இருக்க முடியாது.

1852இல் பாட்டர்சன் இறந்தார். மெல்வினியாவை ஜார்ஜியாவில் இருந்த அவருடைய மகள் கிறிஸ்டியனிடமும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸிடமும் அனுப்பிவிட்டார்கள். பழைய பண்ணையில் 21 அடிமைகள் இருந்தார்கள். ஷீல்ட்ஸின் 200 ஏக்கரில் மூன்றே பேர். கோதுமை, சோளம், பருத்தி, பன்றி, ஆடு என்று வேலைக்குக் குறைவே இல்லை. 15 வயதையொட்டி அவளுக்கு, மிஷெலின் எள்ளுத்தாத்தாவான டால்ஃபஸ் பிறந்தான். 1870 கணக்கெடுப்பில் அவளுடைய நான்கு பிள்ளைகளில் மூவரைக் கலப்பு நிறத்தவர் என்று குறித்திருக்கிறார்கள். டால்ஃபஸின் தகப்பன் பெரும்பாலும் ஹென்றியின் மகன் சார்ல்ஸ்தான் என்பதை, பிற்காலத்தில் இரு வம்சத்தாரிடமும் செய்த மரபணுச் சோதனை காட்டியது.

செய்தி வெளியானதும் பலரும் பேசியது அந்த வெள்ளைக்காரத் தகப்பனைப் பற்றித்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் சம்மதம் கேட்கப்பட்டதா என்று எந்தத் தாளும் சொல்லாது. வாங்கவும் விற்கவும் கூடியவளிடம் சம்மதம் என்று பேசுவதே அபத்தம்.

மெல்வினியா 1938இல் இறந்தாள். மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில் உறவினர் ஒருவர் 'தெரியாது' என்று எழுதிக்கொடுத்தார். பெற்றோரைப் பற்றிக் கேட்டால் ஆவணம் கைவிரிக்கிறது. ஆனால் இன்னொன்றை அது விடாமல் வைத்திருக்கிறது.

விடுதலைக்குப் பிறகும் பல வருஷம் அவள் ஷீல்ட்ஸ் நிலத்தை ஒட்டியே கூலி வேலை செய்தாள். பிறகு, முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ, அங்கிருந்து கிளம்பி ஜார்ஜியாவின் வடமேற்கே பார்ட்டோ மாவட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே அவளோடு குடியேறியவர்கள் மரையா, போலஸ் ஈஸ்லி தம்பதி. இருவரும் பாட்டர்சன் பண்ணையில் அவளோடு அடிமைகளாக இருந்தவர்கள். ஆறு, எட்டு வயதில் பிரித்துக் கொண்டுபோன பிள்ளை, எத்தனையோ வருஷம் கழித்து வேறொரு மாநிலத்தில் தன் மனிதர்களோடு சேர்ந்துவிட்டாள். எழுத்தறிவுக்கே தடை இருந்த ஒரு சமூகத்தில் சேதி எந்த வழியாக வந்தது, யார் யாரைத் தேடினார்கள் என்று நினைக்க நினைக்க மனசு நெகிழ்கிறது. 475 டாலர் விலை மற்றவர்கள் எழுதியது; இந்த இடமாற்றம் அவளே செய்தது.

ஈஸ்லி தம்பதியின் மகள் ஆலிஸை டால்ஃபஸ் மணந்துகொண்டான். பின்னர் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் தச்சுத் தொழில் செய்து, சொந்த வீடு வாங்கி, 1950 வரை வாழ்ந்தான். அந்த ஆலிஸ்தான் மிஷெலின் எள்ளுப்பாட்டி.