மூஞ்சி கிழிஞ்சா பரவாயில்லை!

சினிமா போஸ்டரில் முக்கியமான இடம் எது? ஹீரோவின் முகம் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்... ஒரு ராத்திரி செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அந்தப் பசை வாளிக்காரரைச் சந்திக்கும் வரை!

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் பக்கம் சுவருக்குப் பஞ்சமே கிடையாது. துறைமுகம், ஃபாக்டரி, குடோன் என்று காம்பவுண்டுகள் நீண்டுகொண்டே போகும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அந்தச் சுவர்களில்தான்.

போஸ்டருக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. தலைப்பிலிருந்து ரத்தம் சொட்டினால் பேய்ப் படம். எழுத்தின் மேல் சூலம் நின்றால் அம்மன் படம். குடும்பமே வரிசையாக நின்று பல்லைக் காட்டினால், இடைவேளைக்கு அப்புறம் அத்தனை பேரும் அழப் போகிறார்கள் என்று அர்த்தம்! வில்லனுக்கு மூஞ்சியில் பச்சையோ நீலமோ பூசி ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். காமெடியனுக்குத் தீப்பெட்டி சைஸ். மியூசிக் டைரக்டருக்குப் பொதுவாக அடியில் ஒரு வரிதான். இளையராஜா வந்த பிறகு அந்த விதியும் உடைந்தது. பல போஸ்டர்களில் ஹீரோ பெயருக்குப் போட்டியாக அவர் பெயர் நின்றது.

படம் ஓட ஓட இலக்கணமும் மாறும். முதல் வாரம் முகம் பெரிசு. 50-வது நாள் வந்துவிட்டால் '50' பெரிசு. ஹீரோ அந்த சைபருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்.

சிவகாசியில் அச்சாகி வரும் பெரிய போஸ்டர் ஒரே தாள் இல்லை. துண்டு துண்டாக வரும். சுவரில்தான் சேர்க்க வேண்டும். இருட்டில் அவசரமாக ஒட்டினால் ஹீரோவின் வலது கண் கதாநாயகியின் கன்னத்துக்குக் குடிபோய்விடும். மைதாப் பசைக்கு மாடுகள் ரசிகர்கள் என்பதால் மயில்துத்தம் கலப்பார்கள். அப்படியும் சில மாடுகள் விடாது.

நான் பார்த்த அண்ணன் கடைசியாக ஒரு நீளமான துண்டுத் தாளை எடுத்து அடியில் வைத்து, நாலு தடவை அழுத்தித் தேய்த்தார். தியேட்டர் பெயர்!

"ஏண்ணே, ஹீரோ முகத்துல காத்து போயி உப்பி நிக்குது. அத விட்டுட்டு இதப் போயி தேய்க்கறீங்களே?"

"மூஞ்சி கிழிஞ்சா பரவால்ல தம்பி. மூஞ்சி எல்லாத்துக்கும் தெரியும். எந்தத் தேட்டர்ல ஓடுதுன்னு இதுதானே சொல்லுது?"

யோசித்துப் பார்த்தால் சரிதான். மேலே இருப்பதெல்லாம் ஊர் உலகத்துக்கே பொது. மதுரையிலும் அதே மூஞ்சி, சேலத்திலும் அதே மூஞ்சி. அடியில் 'அகஸ்தியா' என்று ஒட்டினால்தான் அது எங்க ஏரியா போஸ்டர்.

"வாத்தியார் படத்துக்கு மூஞ்சியே தேவைப்படல, தெரியுமில்ல?" என்றார்.

'உலகம் சுற்றும் வாலிபன்' கதையைச் சொல்கிறார். 1973-ல் அந்தப் படம் வந்தபோது சென்னையில் போஸ்டருக்கான வரியை ஏற்றிவிட்டார்கள். எம்.ஜி.ஆர். அசரவில்லை. போஸ்டரே ஒட்டாமல் படத்தை ரிலீஸ் செய்தார்; பதிலுக்குச் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் மாதக்கணக்கில் ஓடியது. போஸ்டர் இல்லாவிட்டால் என்ன? 'அகஸ்தியாவுல' என்ற ஒரு வார்த்தை வாய்க்கு வாய் போனது.

1967-ல் திறந்த அந்த அகஸ்தியா, 2020-ல் கொரோனா ஊரடங்கோடு மூடிவிட்டது. ஆயிரத்துக்கு மேல் சீட்டு இருந்த தியேட்டர்.

அடுத்த வருஷமே 'சார்பட்டா பரம்பரை' வந்தது. எழுபதுகளின் வடசென்னை, எங்க ஆட்களின் குத்துச்சண்டை. இந்தப் பக்கத்துச் சுவர் முழுக்க ஒட்டியிருக்க வேண்டிய படம். நேரே அமேசான் பிரைமில் இறங்கியது.

அதன் போஸ்டரை செல்போனில்தான் பார்த்தேன். பழக்க தோஷம்... எந்தத் தியேட்டர் என்று விரலால் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.