கம்பியில் மிச்சம் பிடித்த கதை



பல வருடங்களுக்கு முன் மரக்காலை வைத்திருந்த ஹாஜியார் ஒருவருக்குக் கண்காணிப்புக் கெமரா பூட்டிக் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்து பின்வாசல் சுமார் 400 மீற்றர் தூரம். செலவைக் குறைக்க எண்ணிச் சாதாரண செப்புக் கேபிளையே இழுத்தேன். ஓர் இரவு மரம் களவு போனது. படத்தைப் போட்டுப் பார்த்தால் கள்வனின் முகம் வெறும் புள்ளிகள்! "தம்பி, இதற்கா காசு வாங்கினீங்க?" என்றார் ஹாஜியார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

என் கைக்காசிலேயே ஒளியிழை கேபிள் போட்டுக் கொடுத்தேன். கெமராவின் சமிக்ஞையை ஒரு சிறு பெட்டி ஒளியாக்கி அனுப்பும். மறுமுனையில் இன்னொரு பெட்டி அதைத் திரும்ப மின்சாரமாக்கும். படம் தெளிந்தது.

இதே கணக்கு விமான ஓடுபாதைகளுக்கும் பொருந்தும். 2000 ஜூலை 25இல் பாரிஸுக்கு அருகே கொன்கோர்ட் விமானம் விழுந்து 113 பேர் உயிரிழந்தனர். ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகத் துண்டு டயரைக் கிழித்ததே தொடக்கம். இத்தகைய சிறு பொருட்களைக் கண்டுபிடிக்க ஜப்பானியர் ஒரு ராடரை உருவாக்கி, டோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிட்டா விமான நிலையத்தில் பரீட்சித்தனர். அது 90 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இயங்குவது. அலைநீளம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான்.

அவ்வளவு நுண்ணிய அலை செப்புக் கேபிளில் சில மீற்றருக்குள் கரைந்துவிடும். நல்ல ஒளியிழையிலோ 15 கிலோமீற்றர் சென்ற பின்னும் ஒளியின் பாதி மிஞ்சும். ஆகவே சமிக்ஞையை ஒரே அறையில் உற்பத்தி செய்து, அலையின் வடிவம் மாறாமல் ஒளியிலேற்றி, ஓடுபாதை ஓரத்து அன்டெனாக்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதை மின்சமிக்ஞையாக்கி, அதிர்வெண்ணை உயர்த்தி, வானில் விடுவது மட்டுமே வேலை. விலை கூடிய கருவி ஓரிடத்தில். எளிய கருவிகள் பல இடங்களில். ஒரு களஞ்சியம், பல கிளைக் கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறையும் உண்டு. டிஜிட்டல் சமிக்ஞையை வழியில் புதுப்பிக்கலாம். அனலொக் சமிக்ஞையில் இரைச்சல் கலந்தால் முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது. எனவே தொடக்கக் கருவி தரமாக இருந்தேயாக வேண்டும்.

இப்போது யார் விலை கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம்?" அன்று கேபிளில் மிச்சம் பிடித்தது சில ஆயிரம் ரூபா. ஹாஜியாரின் நம்பிக்கையைத் திரும்பப் பெற இரண்டு வருடங்கள் சென்றன.