கீரையை அரைத்துக் குடிக்கலாமா?

காலை நடைக்குக் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போகிறவர்களுக்கு அந்தத் தள்ளுவண்டி நன்றாகப் பழக்கம். வரிசையாக எவர்சில்வர் கேன்கள். அருகம்புல், வாழைத்தண்டு, சாம்பல் பூசணி, நெல்லிக்காய் என்று ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டை. நடந்து முடித்த கையோடு ஒரு டம்ளர் வாங்கி, மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சில ஆண்டுகளாக அந்தக் கேன் வீட்டு மிக்ஸிக்குள் வந்துவிட்டது. பெயர் கிரீன் ஸ்மூத்தி. ஒரு கட்டு பாலக், ஒரு வாழைப்பழம், ஒரு ஆப்பிள், இரண்டு ஸ்பூன் தேன். ரத்தம் சுத்தமாகும், நச்சு வெளியேறும், முகம் பளபளக்கும், எடை இறங்கும் என்று யூடியூபில் உறுதி தருகிறார்கள்.

நச்சு வெளியேறும் கதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கின்றன; அதற்குத் தனியாகப் பச்சைச் சாறு தேவையில்லை. சொல்லப்போனால், தவறான இலையை அளவில்லாமல் குடித்தால் அந்தச் சிறுநீரகமே அடிவாங்கும். ஆனால் கீரையை அரைத்துக் குடிப்பதில் உண்மையான பலனும் இருக்கிறது.

இந்த வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் விக்டோரியா பூட்டென்கோ. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ‘கிரீன் ஃபார் லைஃப்’ என்ற அவருடைய புத்தகம் 2005-ல் வந்தது. சிம்பன்சிகள் இலைகளை மென்றுகொண்டே இருக்கின்றன. நமக்கு அந்தத் தாடை வலுவும் கிடையாது, பொறுமையும் கிடையாது. ஆகவே மெல்லுகிற வேலையை இயந்திரத்திடம் கொடுப்போம் என்பது அவருடைய வாதம். இது நியாயமான வாதம்தான். பச்சையாகக் குடித்தால் இலையில் இருக்கும் ‘உயிருள்ள என்சைம்கள்’ நம் செரிமானத்துக்குக் கைகொடுக்கும் என்று பச்சை உணவுக்காரர்கள் சேர்த்துச் சொல்வதுதான் இடிக்கிறது. என்சைம் என்பது புரதம். இரைப்பையின் அமிலத்தில் விழுந்தால் உருக்குலைந்து, மற்ற புரதங்களைப் போலவே செரித்துப்போகும்.

மிக்ஸி செய்கிற நல்ல காரியம் வேறு. இலையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. அதை உடைக்கும் என்சைம் மனித உடலில் சுரப்பதில்லை. சரியாக மெல்லாமல் விழுங்கிய கீரைத் துணுக்கில் பல செல்கள் பூட்டிய பெட்டியாகவே வயிற்றைக் கடந்து போகின்றன. கண்ணின் விழித்திரைக்கு வேண்டிய லூட்டின், வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மிக்ஸியின் பிளேடு சுவரைக் கிழிக்கிறது. சரக்கு வெளியே வருகிறது. சுவீடனில் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தினர் பாலக் கீரையை வேகவைத்தும் வதக்கியும் அரைத்தும் லூட்டினை அளந்து பார்த்தார்கள். வேகும் நேரம் கூடக்கூட லூட்டின் குறைந்தது. பச்சையாக அரைத்து, கொழுப்புள்ள பாலோ தயிரோ சேர்த்தபோது அதிகமாக வெளிப்பட்டது. கொழுப்பு இங்கே முக்கியம். லூட்டினும் கரோட்டினும் தண்ணீரில் கரையாதவை. உடம்புக்குள் போக எண்ணெய்ப்பசை வேண்டும். ‘ஜீரோ ஃபேட்’ என்று தண்ணீர் மட்டும் ஊற்றி அரைத்த கீரைச் சாறு, பாதிச் சத்தை வாசல்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்புகிற சமாசாரம்.

சுவர் உடைந்தால் வேறு சிலவும் வெளியே வரும். அதுவரை தனித்தனி அறையில் இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. வைட்டமின் சி-யைச் சிதைக்கும் என்சைம் வைட்டமின் சி-யைச் சந்திக்கிறது. பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற இன்னொரு என்சைம் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்துகொண்டு பாலிஃபீனால்களைக் கறுப்பாக்குகிறது. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதனால்தான். வாழைப்பழத்தில் இந்த என்சைம் தாராளம். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், வாழைப்பழம் சேர்த்த ஸ்மூத்தியைக் குடித்தவர்கள் உடம்பில் ஃபிளேவனால் என்ற சத்தின் அளவு, அதைத் தனியாக மாத்திரையில் எடுத்தவர்களைவிட 84 சதவீதம் குறைந்திருந்தது. அதற்காக வாழைப்பழத்தின் மேல் கோபப்பட வேண்டாம். பொட்டாசியமும் நார்ச்சத்தும் அதில் அப்படியே இருக்கின்றன. ஃபிளேவனாலுக்காக பெர்ரி, திராட்சை, கோகோ சேர்க்கிறவர்கள் மட்டும் அதோடு வாழைப்பழத்தைப் போடாமல் இருந்தால் சரி. எல்லாரும் கவனிக்க வேண்டியது நேரம். காலையில் அரைத்து பாட்டிலில் அடைத்து, ஆபீஸில் மதியம் குடிப்பதைவிட, அரைத்த கையோடு குடிப்பது மேல்.

நிறம் பழுப்பானால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். பச்சைய மூலக்கூறின் நடுவே ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அமிலம் அந்த மக்னீசியத்தைக் கழற்றிவிடும்; பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும். வயிற்றுக்குள் எப்படியும் நடக்கப்போவது கொஞ்சம் முன்னதாக டம்ளரில் நடக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தின் ஹீம் மூலக்கூறும் பச்சையமும் அமைப்பில் நெருங்கியவை, நடுவே ஒன்றில் இரும்பு, மற்றதில் மக்னீசியம். இதை ஆராய்ந்த ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ‘பச்சையம் குடித்தால் ரத்தம் ஊறும்’ என்று விற்கிறார்கள். மக்னீசியத்தை எடுத்துவிட்டு இரும்பைச் செருகி ஹீம் செய்துகொள்ளும் வசதி நம் உடம்பில் கிடையாது.

இனி சிக்கலான பகுதி, ஆக்சலேட். பாலக், தண்டுக்கீரை, பருப்புக்கீரை எல்லாவற்றிலும் இது உண்டு. பாலக்கில் அதிகம், 100 கிராமில் பெரும்பாலும் 600 மில்லிகிராமைத் தாண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்களை நாளுக்கு 100 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்லும் டாக்டர்கள் உண்டு என்பதோடு வைத்துப் பாருங்கள். பாலக் தின்றால் பல்லில் ஒரு சொரசொரப்பு தெரியுமே, அதற்கும் ஆக்சலேட்டைத்தான் காரணம் சொல்கிறார்கள். குடலில் கால்சியம் கிடைத்தால் ஆக்சலேட் அதோடு ஒட்டிக்கொண்டு மலத்தில் போய்விடும். கிடைக்காதபோது ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்குப் போய், அங்கே கால்சியத்தைச் சந்தித்துப் படிகமாகும்.

கூட்டாகவோ மசியலாகவோ சாப்பிடும்போது ஒரு கட்டுக் கீரை நாலு பேருக்குப் பங்காகும். ஸ்மூத்தியில் அதே கட்டு ஒரே ஆளின் டம்ளரில் அடங்கிவிடுகிறது. அதுவும் வேகவைக்காமல், தினமும். 2018-ல் அமெரிக்கச் சிறுநீரகவியல் இதழ் ஒன்றில், 65 வயதுப் பெண் ஒருவர் உடலைச் ‘சுத்தம்’ செய்யும் பச்சை ஸ்மூத்தியைக் குடித்தபின் சிறுநீரகம் செயலிழந்த செய்தி வந்தது. அவருக்கு முன்பே இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கும் எடுத்திருந்தார். குடலில் ஆக்சலேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஆன்டிபயாட்டிக்கில் செத்துப்போகும். சிறுநீரகம் மீளவில்லை. பக்கத்திலேயே கேரளத்தில், கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் பழுதானதை 2013-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அங்கேயும் குற்றவாளி ஆக்சலேட்தான். காய் ஒன்றிரண்டு மீன் குழம்பில் விழுந்தபோது யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சாறாகப் பிழிந்து டம்ளரில் வந்தபோதுதான் வினை.

சுரைக்காய்ச் சாற்றில் ஆபத்து வேறு மாதிரி. பூசணிக் குடும்பத்துக் காய்களில் சில சமயம் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு ஏறிவிடும். 2010-ல் தில்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறு குடித்தபின் இறந்தார். அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. குழு சொன்னது எளிமையானது: அரைப்பதற்கு முன் ஒரு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூக்கிப் போடுங்கள். வேறு சாற்றோடு கலக்காதீர்கள். வெள்ளரிக்கும் இதே சோதனை பொருந்தும். ‘கசப்பு உடம்புக்கு நல்லது’ என்ற பழக்கதோஷத்தில் மடமடவென்று குடித்துவிடுவதுதான் இதில் ஆபத்து.

இத்தனைக்கும் வழி ஏற்கெனவே நம்மிடம் இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து இலைக்கஞ்சியையும் சிங்களவர்களின் கொல கெந்தவையும் பாருங்கள். வல்லாரை, முசுமுசுக்கை, தூதுவளை போன்ற இலைகளை அரைத்துப் பிழிந்த சாற்றை, குழைய வெந்த அரிசிக் கஞ்சியில், தேங்காய்ப்பாலோடு சேர்த்து ஒரு கொதி வரும்போது இறக்குகிறார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். அரைத்ததால் செல் சுவர் உடைகிறது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு கரோட்டினை ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு கொதியில் கிருமிகளும், சத்தைத் தின்னும் என்சைம்களும் அடங்குகின்றன. இனிப்பு டம்ளருக்குள் கரையாமல் வெளியே, கையில், அளவோடு இருக்கிறது. ஸ்மூத்தி விளம்பரங்களில் நான் பார்த்த எதைவிடவும் இது கெட்டிக்காரத்தனமான சமையல்.

மிக்ஸியில் செய்வதாக இருந்தாலும் இந்த முறையைப் பின்பற்றலாம். ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி இலை போதும். முருங்கை, வல்லாரை, புதினா, கொத்தமல்லி என்று நாளுக்கொன்றாக மாற்றுங்கள். கட்டின் வேரையும் மண்ணையும் நறுக்கித் தள்ளிவிட்டு, அகலப் பாத்திரத்தில் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். கழுவினால் கிருமி குறையும், முற்றிலும் போகாது. 2006-ல் அமெரிக்காவில் கழுவிப் பையில் அடைத்து விற்ற பாலக்கில் ஈ.கோலை கிருமி பரவி சுமார் 200 பேர் படுத்தார்கள், சிலர் இறந்தார்கள். ஆகவே முருங்கை, பாலக் போன்றவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. ஆக்சலேட்டிலும் ஒரு பங்கு அதோடு போகும். வைட்டமின் சி-யும் கொஞ்சம் போகும்தான். அரை நெல்லிக்காய் போட்டால் போனதற்கு மேல் திரும்பிவிடும். நெல்லிக்காயின் வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவும் உதவும்.

அரைப்பதிலும் நுணுக்கம் உண்டு. எல்லாவற்றையும் பெரிய ஜாரில் கொட்டி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் இலை பிளேடுக்கு மேலே மிதந்து சுற்றும், நாராகவே நிற்கும். சட்னி ஜாரில் இலை, நெல்லிக்காய், துண்டு இஞ்சி, ஒரு ஸ்பூன் தேங்காய்த்துருவல் போட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீரில் முதலில் விழுதாக்குங்கள். அதன்பிறகு வெள்ளரித் துண்டும் அரை கப் தயிரும் உப்பும் சேர்த்து ஒரு சுற்று. தயிரின் கால்சியம் மிச்சமுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைக்கும். வடிகட்டாதீர்கள், துணியில் தங்குகிற சக்கைதான் நார்ச்சத்து.

தேன் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஒரு பெரிய ஸ்பூன் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. தனிச் சர்க்கரையை, முடிந்தால் நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. குடிப்பது வேகமாக முடிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. 1977-ல் ‘லான்செட்’ இதழில் வந்த சோதனையில், ஆப்பிளை முழுதாகத் தின்றதைவிடச் சாறாக 11 மடங்கு வேகமாக உள்ளே தள்ளினார்கள். வயிறு நிறைந்த உணர்வும் குறைவாகவே இருந்தது. ஸ்மூத்தியும் இட்லியும் என்று இரண்டையும் சேர்த்துவிட்டு எடை ஏன் இறங்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஒரு சின்ன டம்ளர், மற்ற நாளில் பொரியலோ கூட்டோ. ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தக் கணக்கு தாராளம். ஆனால் இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டோ வேறு காரணத்துக்கோ வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரைச் சாற்றில் இறங்கக்கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்து, ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், கிரியாட்டினின் ஏறியவர்கள், பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, காலையில் எந்த இலையை எவ்வளவு அரைத்துக் குடிக்கிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.