டிராக்டர் நீலப்புகை விட்டால் என்ன செய்வது?

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



போன சம்பா பட்டத்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயி பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினார். இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்றும் தயாராகி, சேற்றுழவு நடக்கிற நேரம். வண்டி பின்னால் நீல நிறத்தில் புகை விட ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனார். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "போர் போச்சுங்க, எஞ்சினை இறக்கியே ஆகணும், பிஸ்டன், லைனர் எல்லாம் புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். செலவைக் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றியது. வீட்டுக்காரம்மா சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அதை அடகு வைக்கப் போகிற வழியில்தான் என்னைப் பார்த்தார்.

நான் விவசாயம் படித்தவன், மெக்கானிக் அல்ல. ஆனாலும் வேளாண்மைப் பொறியியல் துறையில் இருக்கிற என் நண்பர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். அது எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது." அதை நினைத்து, "அண்ணே, சங்கிலியை ஒரு நாள் வீட்டில் வையுங்க, நாளைக் காலையில் நாங்கள் வந்து பார்க்கிறோம்" என்றேன். மறுநாள் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விஷயத்தைப் பார்ப்போம்.

புகையின் நிறம் சொல்லும் செய்தி

சைலன்சரில் வருகிற புகை மூன்று நிறத்தில் இருக்கும். கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். காற்றுப் போதவில்லை, நாசில் சரியில்லை, அல்லது வண்டியின் சக்திக்கு மீறிப் பாரம் கொடுக்கிறீர்கள்.

வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் ஒரு நிமிஷம் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. வண்டி சூடேறிய பிறகும் வந்துகொண்டே இருந்தால், டீசல் எரியாமல் ஆவியாகப் போகிறது. இல்லாவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. தண்ணீர் அடிக்கடி குறைந்து, எஞ்சின் எண்ணெயும் பால் கலந்த காப்பி மாதிரி மாறியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதால் வருவது. கண்ணால் நிறம் பிரிக்க முடியாவிட்டால், வண்டியைச் சும்மா ஓடவிட்டு, புகைக்குழாய்க்கு ஒரு முழம் தள்ளி வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பொட்டுகள் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

எண்ணெய் உள்ளே போகும் வழிகள்

பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற உருளைக்கு லைனர் என்று பெயர். பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் இருக்கின்றன. மேல் ரிங்குகள் காற்றழுத்தம் கீழே போகாமல் தடுக்கும். கீழ் ரிங்கு, களத்தில் நெல்லை வழிக்கிற பலகை மாதிரி, லைனர் சுவரில் ஒட்டிய எண்ணெயை வழித்துக் கீழே தள்ளும். ரிங்கு தேய்ந்தாலோ, கரி பிடித்துப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டாலோ, எண்ணெய் மேலே ஏறி எரியும். இது ஒரு வழி.

இரண்டாவது வழி மேலே, ஹெட்டில் இருக்கிறது. வால்வுகளின் தண்டு ஓடுகிற குழாய்க்கு வால்வு கைடு என்று பெயர். அது தேய்ந்தாலோ, ரப்பர் சீல் இருக்கிற எஞ்சினில் அந்தச் சீல் காய்ந்து வெடித்தாலோ, எண்ணெய் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

மூன்றாவது வழியைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். அது ஏர் கிளீனர். பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டி வைத்த ஏர் கிளீனர்தான். உள்ளே வருகிற காற்று எண்ணெயில் மோதி, தூசியை அங்கேயே விட்டுவிட்டு மேலே போகும். கிண்ணத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் காற்றோடு சேர்ந்து எண்ணெயும் எஞ்சினுக்குள் போய்விடும். கோட்டுக்குக் கீழே இருந்தால் தூசி உள்ளே போகும். நம் வயல் தூசியில் இருக்கிற மணல் துகள் வார்ப்பிரும்பை விடக் கடினமானது. லைனரை அது அரம் போல ராவிவிடும். ஆகவே கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

இவை தவிர, எஞ்சினில் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும், எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் மேலே ஏறும். டர்போ வைத்த வண்டி என்றால் டர்போவின் சீலையும் பார்க்க வேண்டும்.

எந்த வழி என்று கண்டுபிடிப்பது எப்படி?

புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று ஒரு மூட்டம் நீலப்புகை. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. இப்படி இருந்தால் வால்வு கைடு பக்கம் சந்தேகப்படுங்கள். ராத்திரி முழுக்கச் சொட்டிய எண்ணெய்தான் காலையில் எரிகிறது.

உழும்போதும் பாரம் இழுக்கும்போதும் விடாமல் புகைகிறது, இழுவையும் குறைந்துவிட்டது என்றால் ரிங்கு, லைனர் பக்கம் பாருங்கள். இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வண்டி சூடான பிறகு மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கவனமாகத் திறந்து, தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். லேசாக ஆவி வந்தால் பாதகமில்லை. புஸ் புஸ்ஸென்று புகை அடித்து மூடி துள்ளினால், எரிகிற வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது என்று அர்த்தம். ஆனால் பிரீதர் அடைத்திருந்தாலும் இப்படித்தான் அடிக்கும். ஆகவே முதலில் பிரீதரைச் சுத்தம் செய்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ஏர் கிளீனரைக் கழுவி எண்ணெய் மாற்றிய பிறகோ, எஞ்சின் எண்ணெய் ஊற்றிய பிறகோ திடீரென்று புகை வந்தால், அளவு கூடிவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கிற பட்டறைக்குப் போய் ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் கோளாறு அங்கே. பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கு தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. டீசல் எஞ்சினில் அந்தச் சோதனை வேண்டாம். அதில் பிஸ்டனுக்கு மேலே இருக்கிற இடம் மிகக் குறுகியது. எண்ணெய் கூடிப்போனால் பிஸ்டன் முட்டிக் கம்பி வளைந்துவிடும்.

வீட்டில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆக்சிலேட்டரை விட்டுப் பாலத்திலிருந்து இறங்கி, மறுபடி மிதித்ததும் நீலப்புகை வந்தால், அது பெரும்பாலும் வால்வு சீல். எண்ணெய் ஈரத்தோடு கறுத்திருக்கிற ஸ்பார்க் பிளக், கோளாறு எந்தச் சிலிண்டரில் என்று காட்டிக் கொடுக்கும்.

சின்னச் செலவு முதலில்

சரி, என்ன செய்வது? சின்னச் செலவை முதலில் செய்து பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவுக் கம்பியைத் துடைத்துவிட்டு எண்ணெய் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேல் இருந்தால் வடித்துவிடுங்கள். நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது; உடனே கவனிக்க வேண்டும்.

பிறகு ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றை வழித்து, கழுவி, கோடு வரைக்கும் மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள். புழுதி உழவுக் காலத்தில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். பிரீதரைக் கழுவுங்கள். எஞ்சின் எண்ணெய் பழையதானால், வண்டிப் புத்தகத்தில் சொன்ன ரகத்தையே ஊற்றி, ஃபில்டரையும் மாற்றுங்கள். நாசிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். நாசில் ஒழுகினால் டீசல் லைனர் சுவரைக் கழுவி, ரிங்கைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

இதன் பிறகும் காலைப் புகை மட்டும் இருந்தால் ஹெட்டைக் கழற்றிக் கைடு, சீல் வேலை செய்தால் போதும். பாரத்தில் புகைகிறது, மூடியும் துள்ளுகிறது என்றால்தான் எஞ்சினை இறக்க வேண்டும். அப்போதும் லைனரை அளவு பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த லைனரில் புது ரிங்கு மட்டும் போடுவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி போடுகிற கதை. தேயாத மேல்விளிம்பில் இடித்து, புது ரிங்கு உடைந்துபோவதும் உண்டு.

வேலை முடிந்த வண்டியைச் சும்மா நிறுத்தி ஓடவிடாதீர்கள். மிதமான பாரத்தில் ஓடினால்தான் புது ரிங்கு லைனரோடு படியும்.

புகையை மறைக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றுவது நோயை மறைப்பதுதான். பழைய வண்டி வாங்கப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் வாங்காமல் திரும்பி, மறுநாள் விடியற்காலையில் சொல்லாமல் போங்கள். எஞ்சினைத் தொட்டு, ஆறியிருக்கிறது என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

புகைகிற வண்டியைப் பட்டம் முடியும் வரை ஓட்டலாமா என்று கேட்பீர்கள். லேசான புகை என்றால் ஓட்டலாம். ஆனால் தினமும் அளவுக் கம்பியைப் பார்த்து, எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை எண்ணெய் ஊற்றினோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து ஊரில் ஒருவர், "புகைதானே, பரவாயில்லை" என்று பார்க்காமல் ஓட்டினார். எண்ணெய் வற்றி, பேரிங்கு உருகி, கிராங்க் இறுகி, நடவுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. புகையால் நின்றதல்ல, எண்ணெய் வற்றியதால் நின்றது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் அளவு கடந்து உள்ளே போனால், அதையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. டீசலை அடைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். காற்று உள்ளே போகிற வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்காதீர்கள், துணியையும் திணிக்காதீர்கள், இழுத்துக்கொள்ளும். நீங்கள் வண்டி மேல் இருந்தால், பிரேக்கை அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, கிளச்சை விட்டால் எஞ்சின் அணையும். எதுவும் முடியாவிட்டால் ஆட்களை விலக்கிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். எஞ்சின் போனால் வாங்கலாம்.

சங்கிலி என்ன ஆயிற்று?

மறுநாள் காலை நண்பரோடு போனேன். எஞ்சின் எண்ணெய் அளவு சரி. மூடி துள்ளவில்லை. ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றினால், கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை எண்ணெய்! அவருடைய மகன், "கூட ஊற்றினால் வண்டிக்கு நல்லதுதானே மாமா" என்றான். பாசத்தில் செய்த தப்பு. வடித்து, கழுவி, அளவாக ஊற்றினோம். உள்ளே தங்கியிருந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை புகைந்தது. மாலைக்குள் முக்கால்வாசிப் புகை போய்விட்டது. காலையில் மட்டும் ஒரு மூட்டம் மிச்சம் இருந்தது. அது கைடு வேலை. சேற்றுழவையும் நடவையும் அப்படியே முடித்தார். அறுவடைக்குப் பிறகு, நெல் விற்ற பணத்தில் ஹெட் வேலை மட்டும் செய்துகொண்டார். லைனரைத் தொடவே இல்லை.

எல்லா நீலப்புகையும் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. போர் போன வண்டிக்கு எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும். பட்டறையில், "போர் போச்சு" என்று சொன்னால், "எதை வைத்துச் சொல்றீங்க? மூடியைத் திறந்து பார்த்தீங்களா? கம்ப்ரஷன் எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தொழில் தெரிந்த மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்; சந்தோஷமாகக் காட்டுவார்.

நாளைக் காலையில் வண்டியை எடுக்கிறதற்கு முன்னால், அளவுக் கம்பியையும் ஏர் கிளீனர் கிண்ணத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.