இராஜபாளையம் நாய்க்குட்டிகளும் ஓட்டப் பயிற்சியும்

தோட்டக் காவலுக்கென இராஜபாளையம் ஜாதிக் குட்டியை வாங்கும் மிராசுதாரர் சிலர், அது ஐந்தாறு மாதங்களில் நெடிது வளர்ந்து துள்ளுவதைக் கண்டு, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மைல் கணக்காக ஓடச் செய்கின்றனர். கால்கள் உரம்பெறும் என்பது அவர்தம் எண்ணம். ஒரு வயதுக் கன்றை ஏரில் பூட்ட இவர்களே உடன்படமாட்டார்கள்.

குட்டியின் நீண்ட எலும்புகளின் நுனியை அடுத்து மிருதுவான குருத்தெலும்புத் தகடு உண்டு. எலும்பு நீள்வது அவ்விடத்திலேதான். பெரிய ஜாதி நாய்களில் இத்தகடு முற்றும் கெட்டிப்பட 12 முதல் 18 மாதங்கள் வரை செல்லும். அதற்குள் அங்கே பலத்த அடிபட்டால் வளர்ச்சி நின்றுபோகலாம். முன்னங்காலின் ஈரெலும்புகளில் ஒன்று நின்று மற்றது வளருமாயின் கால் வளைந்துவிடும். பின்னர் சத்திரசிகிச்சையன்றி அதனை நிமிர்த்த வழியில்லை. வேட்டைக்கெனப் பேணப்பட்ட ஜாதியாதலின், குட்டி களைப்பைக் காட்டாது எஜமானைத் தொடர்ந்தோடும் என்பதையும் கவனித்தல் வேண்டும்.

ஆகையால் வளர்ச்சி முடியும்வரை வாகனத்துடன் ஓட்டுதல், உயர்ந்த திண்ணையிலிருந்து குதிக்கவிடுதல், வழுக்கும் சிமெண்டுத் தரையில் விரட்டுதல் ஆகியவற்றை விலக்குக. வெயில் தாழ்ந்த வேளைகளில் புல்தரையில் அவிழ்த்துவிட்டு, தானே ஓடித் தானே படுக்க விடுவது சிலாக்கியம். படுத்ததை எழுப்பி ஓட்டலாகாது. நாள் முழுதும் சங்கிலியில் பிணித்து வைப்பதும் தவறே, தசைகள் வலுவடையா.

சுண்ணாம்புச் சத்து மருந்துகளைத் தம்மிஷ்டம்போல் மிகுதியாகக் கொடுப்போரும் உளர். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அதுவும் எலும்புக் கோளாறு விளைவிக்கக்கூடும். குட்டி நொண்டக் கண்டால், தானே சரியாகுமென்றிராமல் அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுதல் நலம்.