மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சென்னை கொளத்தூரில் முதன்முதலாக மீன் வாங்கப் போகிறவர்களில் பலர் தூக்கிக்கொண்டு வருவது இந்த அளவுத் தொட்டியைத்தான். கணக்குப்படி 56 லிட்டர். அடியில் பரப்பும் கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தேறினால் அதிகம். அதற்குள் நாலு கோல்டு ஃபிஷ், ஒரு ஜோடி ஏஞ்சல், இரண்டு டைகர் பார்ப், பாசி தின்ன ஒரு டேங்க் கிளீனர். பாலித்தீன் பையில் எல்லாம் விரல் நீளம்தான். ஆனால் கோல்டு ஃபிஷ் 20 செ.மீ. வரை வளரும். டேங்க் கிளீனர் ஓரடியைத் தாண்டும்.

ஓர் அங்குல மீனுக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கப்பிக்கும் டெட்ராவுக்கும் அது ஓரளவு ஒத்துவரும். பெரிய மீனுக்கு வராது. நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். தின்பதும் கழிப்பதும் எடையை ஒட்டித்தான் கூடும், நீளத்தை ஒட்டி அல்ல.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை ஓரளவு தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக் கூட்டம் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வாங்கிய அன்றே எல்லா மீனையும் இறக்கிவிட்டு, பத்தாம் நாள் மீன் செத்து மிதந்தால் விற்றவரைத் திட்டுவதில் நியாயமில்லை. அம்மோனியாவின் நச்சுத்தன்மை தண்ணீரைப் பொறுத்தும் மாறும். பி.ஹெச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதில் நஞ்சான பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகிவிடும். காரத்தன்மை கூடிய போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கோடையில் இன்னொரு சங்கடம்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் தண்ணீரில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும்.

நெரிசல் என்றால் சண்டையும் கூடவே வரும் என்றுதான் நினைப்போம். சண்டையின் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் மீன்களை வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே சற்று நெருக்கமாக விடுவார்கள். முரட்டு மீனின் அடி ஒரே மீன் மேல் விழாமல் பலர் மேல் பரவுமாம். இந்த வித்தைக்குப் பெரிய தொட்டியும் வலுவான ஃபில்டரும் வேண்டும். இரண்டடித் தொட்டியில் செய்தால் அது கொலை. டைகர் பார்ப் இன்னொரு வகை. ஆறேழு இருந்தால் தங்களுக்குள் துரத்தி விளையாடும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் ஏஞ்சலின் நீள வாலைக் கடித்துக் குதறிவிடும்.

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு ஓல்டுஃபீல்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. அவர் பார்த்தது மைடாஸ் சிக்லிட். நம் ஊர் வரவேற்பறைகளில் நெற்றிப் புடைப்போடு முறைக்கும் ஃப்ளவர்ஹார்னுக்குச் சொந்தம். இணைசேரும் சண்டை கணக்கில் கலந்துவிடாமல் இருக்க இளம் மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டார். சின்னத் தொட்டியில் எண்ணிக்கையை மாற்றியும், தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியும் பார்த்தார். சண்டை குறையவில்லை. சுமார் 400 லிட்டர் தொட்டியும் அதில் நிறைய மறைவிடங்களும் அமைந்தபோதுதான் அடங்கியது. அவ்வளவு பெரிய தொட்டி எல்லார் வீட்டிலும் முடியாது. ஆனால் மீன்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி கல்லையும் செடியையும் வைக்கலாம். புது மீன் விடும் நாளில் கற்களை இடம் மாற்றி வைத்தால் பழைய மீனின் எல்லையும் கலைந்துபோகும்.

இப்படி அடிபட்டும் அம்மோனியாவில் மூச்சுத்திணறியும் கிடக்கிற மீனின் உடலில் கார்ட்டிசால் ஏறுகிறது, எதிர்ப்புச் சக்தி இறங்குகிறது. அப்போது வருவது வெண்புள்ளி நோய். உடலெங்கும் ரவை தூவியதுபோல் புள்ளிகள். அந்த ஒட்டுண்ணி தோலுக்கடியில் கொழுத்து, உதிர்ந்து, அடியில் உறை கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. வெளிவரும் குஞ்சுகளுக்கு இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவுதான். நெரிசலான தொட்டியில் அவற்றுக்குத் தேடவே வேண்டாம். மருந்து கொல்வது நீந்தித் திரியும் இந்தக் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்கடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரமே நோய் திரும்புவது இதனால்தான்.

எடுத்த எடுப்பில் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றுவது எனக்கு ஒப்பாத பழக்கம். மெத்திலீன் புளூ ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். அம்மோனியா மறுபடி ஏறும். அந்த மருந்தைத் தனி வாளியில் நோயுற்ற மீனுக்கு மட்டும் கொடுக்கலாம். தொட்டிக்கு முதலில் செய்ய வேண்டியது வேறு. ஓரிரு நாள் தீனியை நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன் பட்டினியைத் தாங்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் போக்கியதாக, தொட்டித் தண்ணீரின் வெப்பத்திலேயே. பஞ்சைக் குழாயடியில் அலசாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விட வேண்டாம். மீன்களுக்கு வரும் ஒருவகை மைக்கோபாக்டீரியம் மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

அதன்பிறகும் மீன் அதிகமென்றால் குறைத்தே ஆக வேண்டும். ஏரியில் விடுவது புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தமிழகத்து நீர்நிலைகளில் இன்று வலையைக் கிழித்துக்கொண்டிருக்கும் தென்னமெரிக்க டேங்க் கிளீனர்கள் வீட்டுத் தொட்டி, மீன் பண்ணை வழியாக வந்தவைதான். வளர்ந்த மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. காசு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.